ஞானம்பாளுக்குக் கொடை

"கால் வழுக்கி விழுந்தா. அப்படித்தான் பாடணும்வே. வேற ஒண்ணும் வாயில வரக்கூடாது."

சிவசண்முகம் பிள்ளை முற்றத்தில் நின்றபடியே சொன்னார். எதிரே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர் வில்லுப்பாட்டு அண்ணாவி பிச்சைக்கண்ணு. கதவுக்குப் பின்னால் வெற்றிலைத் தாம்பாளம் விழுந்து உருண்டது. பிள்ளையின் மனைவி பார்வதியம்மாள் அதை எடுக்கக் குனியவில்லை.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிய அந்த ஊரில், தேவாரத்தைத் தவிர வேறு பாட்டுக்கு வாசல் திறக்காத வீடு அது. வில்லுப்பாட்டெல்லாம் சுடலைமாடனுக்குத்தான் என்று இளக்காரம் பேசியவர் பிள்ளை. ஆனால் பயம் வந்துவிட்டால் சைவமாவது சித்தாந்தமாவது! மகள் ஞானம்பாள் ஆற்றோடு போன மறு வருஷமே மகன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். செத்த பெண் சாந்தியில்லாமல் அலைகிறாள், பீடம் போட்டு, அவள் கதையை வில்லில் பாடி, சாமிக்கு எடுப்பதுபோல் கொடைவிழா கொடுங்கள் என்று குறிகாரன் சொல்லிவிட்டான்.

அவள் எப்படிப் போனாள் என்பது ஊருக்கே தெரியும். விவரம் தெரியாத வயதில் தாலி கட்டி, பெரியவளாகும் முன்னே அறுத்த பெண். வெள்ளைச் சேலையிலேயே வளர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, கொல்லையில் பூத்த பிச்சிப்பூவைத் தொடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணில் பட்டுவிட்டாள். அவர் பூவைப் பிய்த்தெறிந்தார். அவளை அரங்குக்குள், ஜன்னலில்லாத அந்த உள்ளறைக்குள், தள்ளிப் பூட்டினார். மறுநாள் காலை குளிக்கத் திறந்துவிட்டபோது படித்துறைக்குப் போனவள் திரும்பவில்லை. ஒரு முழம் பூ வைத்தாள். அந்தப் பெண் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கொடையன்று உச்சிப்பொழுதில் வீட்டு முற்றத்துப் பந்தல் நிறைந்துவிட்டது. பீடத்துக்கு அரக்குப் பட்டு உடுத்தி, கண்ணாடி வளையல் அடுக்கி, குங்குமம் அப்பி, பந்து பந்தாகப் பிச்சிப்பூ சாத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தவளுக்கு இல்லை என்றதெல்லாம் மண்ணுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

பிச்சைக்கண்ணு முதலில் சொன்னபடியேதான் பாடினார். பிள்ளையின் வயலைக் குத்தகைக்கு உழுது பிழைக்கிற குடும்பக்காரர், வேறென்ன செய்வார்? பிறந்த கதை பாடினார், வளர்ந்த கதை பாடினார். சாவுக் கட்டம் வந்தது. வீசுகோல் வில்லில் துள்ள, குடமும் உடுக்கும் முறுக்கேற, பாசியிலே கால் வழுக்கினாள் என்று குரலை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தில் தெய்வம் யார் மேலாவது இறங்கி ஆடவேண்டும். கொடையை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். யாரும் ஆடவில்லை. மறுபடியும் பாடினார். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொய்யைப் பாடினாலும் தாளம் தப்பாது, ஆனால் கேட்கிறவர் தொண்டை அடைக்காது. இது அண்ணாவிக்குத் தெரியாததா?

அப்போது பார்வதியம்மாள் எழுந்து, ஆண்கள் கூடியிருந்த பக்கமாக வந்து வில்லுக்கு எதிரே நின்றாள். அந்த வீட்டுப் பெண் சபையில் வாய்திறந்து ஊர் பார்த்ததில்லை.

"அண்ணாவி, எம்மக வழுக்கி விழல. நடந்ததப் பாடும். இல்லன்னா அவ இங்கன வரமாட்டா."

பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெய்வக் குத்தமாகிவிடுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டார்.

பிச்சைக்கண்ணு குடத்தையும் தாளத்தையும் நிறுத்தச் சொன்னார். உடுக்கு மட்டும் பைய அதிர்ந்தது. கண்ணை மூடி, படித்துறையில் நிற்கும் ஞானம்பாளாகவே அவர் ஆற்றிடம் கேட்டார்:

"ஆடி பெருகினா ஆத்தா, ஒனக்குப் பூத் தூவுதாகளே,
நான் சூடுன பூவுக்கு மட்டும் அரங்கப் பூட்டுதாகளே."

இரண்டே அடிதான். பந்தலில் ஒரு விசும்பல் கேட்டது, பிறகு பல கேட்டன. பார்வதியம்மாள் தலைவிரித்து ஆடினாள். வந்தது சாமியோ, பெற்ற வயிறோ, யார் கண்டது? கல்நெஞ்சக்காரர் என்று பேரெடுத்த பிள்ளையும் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "எம்மா, என்னய மன்னிச்சிரு" என்று தன் கையாலேயே ஒரு பிச்சி மாலையை எடுத்துப் பீடத்துக்குச் சாத்தினார். அந்த அழுகை பொய்யில்லை. பிச்சைக்கண்ணுவுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. பாட்டு போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தார்.

பூசாரி தட்டோடு வந்து பெண்களுக்கு வரிசையாகக் குங்குமமும் பூவும் கொடுத்தார். வரிசையின் கடைசியில், கதவோரம், வெள்ளைச் சேலையில் நின்றாள் உலகம்மை. காய்ச்சலில் போன மகனின் பெண்டாட்டி, இன்னும் முகத்தில் பிள்ளைக்களை மாறாதவள். எல்லோரையும்விட அதிகமாக அழுதிருந்தாள். பாட்டைக் கேட்ட தைரியத்தில் அவளும் கையை நீட்டினாள்.

பிள்ளை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவளுக்குத் திருநீறு மட்டும் குடும்."

நீட்டிய கை பைய மடங்கியது.

"சரி, வாழி பாடி முடியும்வே," என்றார் பிள்ளை, அண்ணாவியைப் பார்த்து. கொடை கொடுத்த குடும்பம் தழைக்கவேண்டும் என்று வாழி பாடிய பிறகே வில்லைப் பிரிப்பது வழக்கம். பிச்சைக்கண்ணு கதவோரம் ஒருமுறை பார்த்தார். வயல் போய்விடும் என்று தெரிந்தேதான் வில்லின் நாணை அவிழ்த்தார்.

"கதை முடிஞ்சாத்தான் வாழி பாடணும், ஐயா. ஒங்க வீட்டுல இன்னும் முடியல."