செவ்வந்தியின் ஓலைவெடி

செவ்வந்திக்கு இரண்டாம் முறையும் பரிசோதனையில் அதே முடிவுதான் வந்திருந்தது.

“மறுபடியும் சீழ் அணுக்கள்ணே. கர்ப்பப்பையிலே அழற்சி,” என்றார் கால்நடை மருத்துவர் பிரீத்திகா. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து, எம். புதுப்பட்டி விலக்கில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார். “போன மாசம் கழுவி மருந்து விட்டதும் சுத்தமாச்சு. இப்ப திரும்ப வந்திருக்கு. அது இருக்கிற வரைக்கும் சினை நிக்காது.”

குதிரையைப் பராமரிக்கும் மாரிக்கண்ணன் செவ்வந்தியின் பிடரியைத் தடவினார். பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி முடிவாகச் சொல்லியிருந்தார்: மூன்று வருடமாகச் சினை நிற்காத குதிரை, டாக்டரும் கைவிட்டால் ஆடியில் அந்தியூர் சந்தைக்கு. பத்து வயது மலட்டுக் குதிரையை யார், எதற்கு வாங்குவார்கள் என்று மாரிக்கண்ணன் யோசிக்க விரும்பவில்லை. அவள் கழுத்தில் முகத்தைச் சாய்த்தால் மழை நின்ற பிறகு வரும் மண்வாசனை அடிக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“எங்கிருந்தோ அழுக்கு உள்ளே போய்க்கிட்டே இருக்கு. எங்கிருந்துன்னுதான் தெரியல,” என்றார் பிரீத்திகா.

மறுபடி சரிபார்க்க இன்னொரு மாதிரி எடுக்க, அவர் உறையிட்ட நீளமான பஞ்சுக்குச்சியைக் கருப்பை வரை செலுத்தி, கண்ணாடித் தகட்டில் உருட்டினார். தகட்டை நெருப்பில் வாட்ட வழியில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் பட்டாசுக் கம்பெனி. குதிரை நிற்கும் முதலாளியின் தோப்பு வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையால் விசிறியே உலர்த்தினார்.

“கொஞ்சம் ஓட விடுங்கண்ணே, பார்ப்போம்.”

மாரிக்கண்ணன் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தினார்.

“நடக்க வேணாம். ஓடணும்.”

“காலு வலிக்கும் டாக்டரம்மா.”

“காலைப் பார்த்தேனே, நல்லாத்தானே இருக்கு?”

“வெயிலு சாஸ்தி. அதுக்கு ஆகாது.”

போன மாதமும் மாரிக்கண்ணன் இப்படித்தான் சமாளித்திருந்தார். மதியச் சாப்பாட்டுத் தூக்குடன் வந்த அவர் மனைவி குருவம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். கம்பெனிக்குப் பட்டாசுக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். விரல்களில் பசை காய்ந்திருந்தது.

“என்ன வெயிலு? தெனமும் உச்சிவெயில்ல தோப்பைச் சுத்திச் சுத்தி ஓட்டுதீகளே!”

“நீ சும்மா இருடி.”

“ஓட்டுனா மானம் போயிருமா?” அவள் மருத்துவரிடம் திரும்பினாள். “டாக்டரம்மா, இந்த மனுசனுக்கு வெக்கம். இவ ஓடுனா ஓலைவெடி போடுவா.”

“என்ன போடுவா?”

“வெடிதான். பின்னால. டப்பு டப்புன்னு. ஊருப் பிள்ளைக இவளுக்குப் பேரே சரவெடின்னுதான் வச்சிருக்குக. ‘எங்க கம்பெனி ஆர்டரை இவளே முடிச்சிருவா’ம்பாக பொம்பளைக. அம்புட்டுப் பேரும் வேலியோரம் நின்னு சிரிப்போம்.”

மாரிக்கண்ணன் தலை குனிந்துகொண்டார். “வாயுக் கோளாறுதான். பொம்பளை டாக்டரு முன்னால எப்படி…”

பிரீத்திகா சிரிக்கவில்லை. “ஓட விடுங்க,” என்றார், குரல் மாறி.

செவ்வந்தி ஓடினாள். இரண்டாவது சுற்றில் அந்தச் சத்தம் கேட்டது. டப், டப்பென்று, குளம்படிக்கு இடையிடையே. மருத்துவர் குதிரையை நிறுத்தச் சொன்னார். வாலை விலக்கி, பெண்குறியின் இதழ்களை இரண்டு விரல்களால் மெல்லப் பிரித்தார். காற்று உறிஞ்சப்படும் ‘ஸ்ஸ்’ ஒலி மூவருக்கும் கேட்டது.

“இது வயித்து வாயு இல்லண்ணே. வாசல் சரியா மூடலை. ஓடுறப்ப காத்து உள்ளே போகுது, வெளியே வருது. காத்தோட சாணித்தூசியும் போகுது. நாம எத்தனை தடவை கழுவினாலும் அடுத்த நாளே அழுக்கு.”

“அப்ப இனிமே…” என்று இழுத்தார் மாரிக்கண்ணன்.

“மரத்துப்போக ஊசி போட்டு, மேல்பாதியைத் தைச்சுட்டா போதும். குட்டி போடுறதுக்கு முன்னால பிரிச்சு விட்டுடலாம்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

மாரிக்கண்ணன் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடமாகச் செவ்வந்தியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அவர்கள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். குருவம்மாள் தூக்கிலிருந்து ஒரு டம்ளர் மோர் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

“குடிங்க. வெயிலு சாஸ்தியாமே.”

பிரீத்திகா முதலாளிக்கு செல்போனில் சொன்னார். “அப்ப சினை நிக்கும்ங்கீகளா?” என்று கனகசபாபதியின் குரல் வெளியே கேட்டது. “நிச்சயமா சொல்ல முடியாது சார். ஆனா தடை எதுன்னு தெரிஞ்சுபோச்சு.” முதலாளியின் குரல் தணிந்தது. “சரி. அந்தியூரு பேச்சை விடச் சொல்லுங்க மாரிக்கண்ணனை.”

மறுநாள் தையல் போட்டார்கள். பிறகு மூன்று நாள் கருப்பையைக் கழுவி மருந்து விட்டார்கள். அடுத்த சினைப்பருவத்தில் எடுத்த தகட்டில் சீழ் அணு ஒன்றுகூட இல்லை என்று விருதுநகரிலிருந்து தகவல் வந்த அன்று, மாரிக்கண்ணன் செவ்வந்தியைத் தோப்பைச் சுற்றி ஓட விட்டார். வேலியோரம் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சுற்று. இரண்டு. குளம்புச் சத்தம் மட்டும் மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

“ஏலே, நமுத்துப் போச்சுலே!” என்று ஒருவன் ஏமாற்றத்துடன் கத்தினான்.

“ஆமாலே, நமுத்துப் போச்சு!” என்று சிரித்துக்கொண்டே மாரிக்கண்ணன் இன்னொரு சுற்றுக்குக் கயிற்றைத் தளர்த்தினார்.