பன்னிரண்டு ரசீதுகள்

பள்ளியின் ஓவிய அறைக்குக் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டார் மருந்துக் கடைக்காரர். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. விறைப்பாக நின்றுகொண்டே இருந்தார். கையில் தடித்த கோப்பு. மூன்று வருடமாகப் பெற்றோர் குழுவின் பொருளாளர் அவர்தான். அந்தக் கோப்பை அவரைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை.

போன மாதக் கூட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு மின்விசிறி கேட்டார்கள். நிதி இல்லை என்று கையை விரித்தார். "அப்ப வரவு செலவை ஒரு தாள்ல எழுதி எல்லாருக்கும் குடுத்துடுங்க சார், தெரிஞ்சுக்கறோம்" என்றார் குழாய் வேலை செய்யும் ஒரு தகப்பன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவருக்கோ நாலு பேர் நடுவில் சட்டையைப் பிடித்தது போலிருந்தது.

"எங்க அப்பா காலத்துல இருந்து எங்க கைக்கு வந்த பணத்துக்கு எவனும் கணக்குக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பின் அந்தக் குழாய்க்காரர் எதிரே வந்து வணக்கம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காட்டிட்டா என்ன குறைஞ்சுடப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"காட்டினா, அவன் கேட்டது நியாயம்னு ஆயிடும்."

"ஏன், அநியாயமா?"

அவர் கோப்பை எடுத்து மறுபடியும் கூட்டிப் பார்த்தார்; கணக்கு சரியாக இருந்தது. கேட்டவன் வாயை அடைத்தே தீருவது என்ற வீறாப்பில்தான் இன்று கோப்போடு வந்திருந்தார்.

எல்லோரும் கூடியதும் ரசீதுகளைத் தேதிவாரியாக மேசைமேல் பரப்பினார். "ஒரு பைசா இடிச்சாலும் சொல்லுங்க. இப்பவே பொறுப்பை விட்டு இறங்கிடறேன்."

யாரும் தொடவில்லை. குழாய்க்காரர் மட்டும் குனிந்து பார்த்தார். சில ரசீதுகளைத் தனியே நகர்த்தினார். பிறகு இன்னும் சில. அவர் முகம் வாடிப்போயிற்று.

"சார், வெளிய வந்து ஒரு நிமிஷம் பேசலாமா?"

"எதுக்கு வெளிய? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"குடிதண்ணி மெஷின் பராமரிப்புக்கு வருஷா வருஷம் மொத்தமா கட்டியிருக்கீங்க. ஃபில்டர் மாத்தறதும் அதுலயே அடக்கம்னு பின்பக்கம் போட்டிருக்கு. ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபில்டருக்குன்னு தனியாவும் குடுத்திருக்கீங்க. மொத்தம் பன்னெண்டு தடவை."

மருந்துக் கடைக்காரர் ரசீதைத் திருப்பினார். பொடி எழுத்தில் அது இருந்தது. மருந்துப் பெட்டியில் இதைவிடப் பொடி எழுத்தைத் தினமும் படிப்பவர் அவர். ஒவ்வொரு மாதமும் இரண்டு முறை கூட்டிப் பார்த்திருக்கிறார். கூட்டல் ஒருநாளும் தப்பியதில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"நான் தினம் பாக்கிற வேலை சார், அதான் கண்ணுல பட்டுச்சு" என்றார் குழாய்க்காரர், தானே தப்புச் செய்துவிட்டவர் போல.

"அந்தக் காசுக்கு ஆறு ஃபேன் வாங்கியிருக்கலாம். மாட்டற கூலிக்கும் தேறியிருக்கும்" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த மருந்துக் கடைக்காரரின் மனைவி தன் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடன் என்று யாராவது திட்டியிருந்தால்கூட மார்பை நிமிர்த்திப் பதில் சொல்லியிருப்பார். அந்த மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது? அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எடுக்கல" என்றார்.

"அய்யோ, யாரும் அப்படிச் சொல்லலையே சார்."

"நீங்க சொல்லல. நீங்க சொல்லாததையெல்லாம் நானே நினைச்சுக்கிட்டுத்தானே ஒரு மாசமா உங்க முகத்தைப் பாக்கல. முதல் வருஷமே இதை உங்க கையில குடுத்திருந்தா, ஒரே ரசீதோட போயிருக்கும். சின்னப் பிள்ளைங்க வேர்வையில உக்காந்திருக்காதுங்க." ரசீதுகளை ஒன்றாகச் சேர்த்துக் குழாய்க்காரர் பக்கம் நகர்த்தினார். "பொதுப் பணத்தை வெச்சிருக்கிறவன் யோக்கியனா இருந்தா மட்டும் போதாது. எல்லார் கண்ணுலயும் படற மாதிரி வெச்சிருக்கணும். பாக்க விடாதவனுக்கு நல்ல மனசு இருந்தும் புண்ணியமில்ல. இதை இனி யார் இந்தப் பொறுப்புக்கு வந்தாலும் சொல்லிடுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."