ராணி காலில் விழுந்த படம்

ஒரே நாடகத்தை ரெண்டு தடவை படமாக எடுத்தான்கள். ரெண்டையும் நான் பதுளைத் தியேட்டரில் மலிவு டிக்கெட் எடுத்துக் கலரியில் உட்கார்ந்து பார்த்தவன். எது நல்ல படம் என்று கேட்டால் முதல் படத்தைத்தான் சொல்லுவேன். அது ஒரு கிழமைகூட ஓடவில்லை. ரெண்டாவது மாசக்கணக்கில் ஓடியது. என் மகள் றோசாலியின் குடித்தனம் திரும்ப ஒட்டாமல் போனதும் அந்தப் படத்தால்தான்.

நாடகம் பழசு. தோட்டத்தில் மேடை கட்டி ஆடியிருக்கிறார்கள். ஒரு ராசா, தம்பி சொன்ன பொய்யைக் கேட்டுப் பெண்சாதியைச் சந்தேகப்பட்டு வெட்டிப்போடுகிறான். அவள் செத்த பிறகு உண்மை தெரியவருகிறது. அழுதால் திரும்பி வருவாளா? அவ்வளவுதான் நாடகம்.

முதல் படத்தை எடுத்தவன் அதை மாற்றவில்லை. கடைசியில் ராசா சிம்மாசனத்தில் ஏறப்போவான், கால் ஏறாது. கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிடுவான். சனம் கைதட்டாமல் எழுந்து போனது. "காசு குடுத்து எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் ஒருத்தன் முணுமுணுத்தான். அன்றைக்கு என் மருமகன் எட்வர்ட்டும் கூட வந்திருந்தான், கலியாணம் முடிந்த புதுசு. ராணி செத்ததும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து ஓடிவிட்டான். படியில் உட்கார்ந்த ராசாவை அவன் பார்க்கவே இல்லை.

ரெண்டாவது படத்தில் வாளை ஓங்கும்போது இடி இடிக்கிறது, வாள் பூமாலையாகிறது. சாமி வந்து ராணி பத்தினி என்று சொல்கிறது. ராசா "உன்னை மன்னித்தேன்" என்கிறான். அவள் காலில் விழுகிறாள். கலரி முழுக்க கைதட்டும் விசிலும்.

இனி என் மகள் கதை. எங்கள் வீடு கீழ் லயத்து வரிசையில், எட்வர்ட் வீடு மேல் லயத்தில், ஒரே தோட்டம். அவன் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, அவள் கொழுந்து எடுப்பவள். மழை நாளில் ஈரத்துக்கு, கூடைக்கு என்று கணக்கப்பிள்ளை நிறையில் கழிப்பான். அவன் வாயில் வந்ததுதான் கழிவு. ஒரு நாள் றோசாலி கொழுந்தைச் சாக்கில் கொட்டிவிட்டு வெறும் கூடையைத் தராசில் மாட்டினாள். "கூடை எம்புட்டோ அம்புட்டக் கழிச்சுக்குங்க ஐயா" என்றாள். தோட்டத்துத் தொரை பக்கத்தில் நின்றதால் கணக்கப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிறுத்தான். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு மட்டும் கழிவு குறைந்தது, அது தெரிந்தது.

"கணக்கப்பிள்ளை சும்மாவா விட்டான்?" என்று பேச்சு கிளம்பியது. அது ஸ்டோர் வரைக்கும் போனது. எட்வர்ட் விசாரிக்கவில்லை. றோசாலியையும் அவள் தகரப்பெட்டியையும் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன் இஸ்தோப்பில் இறக்கிவிட்டுப் போனான்.

ரெண்டாவது படம் பார்த்த கிழமை, எட்வர்ட் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலையும் ஒரு தகரப் பேணி பிஸ்கட்டும்.

"மாமா, பதுளையில படம் பாத்தேன். ராவெல்லாம் தூக்கமில்ல."

"கலரியில மூட்டைப்பூச்சி கடிச்சிருக்கும்."

"நக்கல் பண்ணாதீங்க மாமா. ராசாவே மன்னிச்சிட்டாரு, நான் எந்த மூலைக்கு? றோசாலிய மன்னிச்சிட்டேன். அடுத்த ஞாயிறு கோயில் வாசல்ல நாலு பேரு முன்னால கால்ல விழுந்து எந்திரிச்சாப் போதும். கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

என் பெண்சாதி இருதயம்மா மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்ற ஓடினாள். றோசாலி உள் காம்பராவிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ராணி என்னங்க தப்புப் பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலையே. அதைத்தான சாமி வந்து சொல்லுது."

"அப்ப ராசா எதை மன்னிச்சாரு?"

எட்வர்ட் என்னைப் பார்த்தான். நான் வெற்றிலையைப் பார்த்தேன்.

"அது படம், றோசாலி."

"அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான வந்திருக்கீங்க. சரி, நானும் வாறேன். அதுக்கு முன்னால நீங்க கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வாங்க. எல்லாரும் நிக்கிறப்ப, வெசாரிக்காம இவள விட்டுட்டேன், தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கால்ல எல்லாம் விழ வேணாம்."

"பொம்பளைங்க முன்னால போய் ஆம்பள அப்பிடி நிப்பானா? ஸ்டோருல எனக்கு மரியாத வேணாமா?"

"எனக்குக் கொழுந்து மலையில வேணாமா?"

அவன் எழுந்தான். வெற்றிலையை வைத்துவிட்டு, பிஸ்கட் பேணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

எங்கள் தோட்டச் சனத்தின் ஓட்டுரிமையையும் பிரசாவுரிமையையும் பறித்த அரசாங்கமும் இப்படித்தான் பேசுகிறது. பறித்ததைப் பற்றிப் பேச்சே கிடையாது. மனுப் போடு, பார்த்துத் தருகிறோம் என்கிறது. கொடுக்கிறவன் மாதிரி வந்து நிற்கிறவனை நான் நம்புவதில்லை.

அதுவரைக்கும் பாதிச் சனம்தான் றோசாலியைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு எல்லாருமே பேசினார்கள். "குத்தமில்லாதவ மன்னிப்ப ஏன் வேணாங்கிறா?" காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் என் காதுபடவே கேட்டார்கள். படத்தில் கைதட்டினவர்கள்தான் எல்லாரும். கூட மலைக்குப் போகிற பெண்கள் அவளுக்கு முன்னாலோ பின்னாலோ நடந்தார்கள், பக்கத்தில் நடக்கவில்லை. பூசை வைக்கிற சுவாமியும் ஆள் அனுப்பினார், விட்டுக்கொடுக்கச் சொல்லி. எட்வர்ட்டுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.

ஒரு நாள் சோறு போடும்போது இருதயம்மா ஆரம்பித்தாள். "விழுந்திருந்தா என்னடி கொறஞ்சு போயிருக்கும்? ராணியே விழுந்தா. அவளுக்கு என்ன கொறஞ்சுச்சு?"

"ராணியா நடிச்சவ விழுறதுக்குக் காசு வாங்கினா, அம்மா" என்றாள் றோசாலி.

இருதயம்மா அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மிச்சச் சோற்றை றோசாலிதான் எனக்குப் போட்டாள்.