ஜீப்பில் வந்த கைக்குழந்தை

வேடியப்பனுக்குக் குளிர் ஆகாது. அதை ஒத்துக்கொண்டால் கௌரவம் போய்விடும் என்று, மலைமேல் இருந்த நாளெல்லாம் "குருவிக்குக் குளிருது, குருவிக்குக் குளிருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், காலில் முழங்கால்வரை கம்பளிக் காலுறை. குருவிகளுக்கு ஒரு கிழிந்த கோணிச் சாக்கு.

குருவிகள் அவருடையவை அல்ல. அவர் மனைவி பூமாலைக்கு அவள் தம்பி பட்டணத்திலிருந்து வாங்கி வந்தவை. பின்ச் என்பார்கள். சிவந்த மூக்கும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டுமாக, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். கூண்டுக்குள் சின்ன மண்கலயம் கட்டி, தேங்காய் நார் வைத்து, வேளைக்குத் தினை போட்டுப் பூமாலை வளர்த்தாள். நிலம் அவர் பேரில், வீடு அவர் பேரில், அவள் கழுத்து நகைகூட மாமியார் பெட்டியில். அவளுடையது என்று சொல்ல இந்தக் குருவிகள்தான். அதனால் குருவி என்று நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள் சும்மா குருவி என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுங்களா.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராய் ஜனங்கள் தெருவில் இறங்கிய வருஷங்கள் அவை. சங்கராபுரத்து டீக்கடைகளில் வேடியப்பன் பேசாத நாள் கிடையாது. "போலீசு சுட்டா மொதோ குண்டு என் நெஞ்சுல பாயட்டும்" என்பார். கேட்டவர்களுக்கு அவர் செலவில் டீயும் உண்டு என்பதால் கைதட்டலும் பலமாக இருக்கும். மார்கழியில் சின்னசேலத்தில் ரயில் மறியல் என்று அறிவித்தார்கள். அறிவித்த மறுநாளே, வெள்ளிமலைக்கு அப்பால் இருந்த தோட்டத்தில் அவசர வேலை இருப்பது நெஞ்சுக்கு நினைவு வந்துவிட்டது. மனைவியை ஜீப்பில் ஏற்றினார். குருவியை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள் என்பதால் கூண்டும் ஏறியது.

கல்வராயன் மலைக் குளிர் கீழ்நாட்டுக் குளிர் மாதிரி இல்லை. ஓட்டு வீட்டின் சந்தெல்லாம் காற்று. குருவிகள் இறகை உப்பிக்கொண்டு பந்தாக உட்கார்ந்தன. பட்டப்பகலில் தலையை முதுகில் செருகித் தூங்கின. பூமாலை கூண்டைச் சன்னலிலிருந்து நகர்த்தி, மூன்று பக்கம் சாக்கை மூடி, செம்பில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். அது போதாதா? நம் ஆளுக்குப் போதாது. அவருக்குத் தெரியாத வைத்தியமா?

"எங்க வூட்ல கொழந்தைக்குச் சளி புடிச்சா உச்சியில வெளக்கெண்ண வெப்பாங்க. இதுக்கும் வெய்யி."

"வேணாங்க. றெக்கையில எண்ண பட்டா ஒட்டிக்கும். அப்புறம் சூடு தங்காது."

"நீ இன்னா பெரிய டாக்டரா?"

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு குருவியைப் பிடித்துத் தலையிலிருந்து வால்வரை தடவிவிட்டார். ஈரத் திரி மாதிரி ஆன குருவி அன்று மாலையே விறைத்துப் போனது. "அதுக்கு ஆயுசு அவ்ளோதான்" என்று சொல்லி எண்ணெய்க் கையைத் தன் தலையில் துடைத்துக்கொண்டார். அதன்பின் பூமாலை கூண்டை விட்டு நகரவில்லை. நான்கு மிஞ்சியிருந்தன. அவற்றிலும் ஒன்று கூண்டின் தரையில்தான் உட்கார்ந்திருந்தது.

மறியல் நாள் விடிந்ததும் வேடியப்பன் கணக்குப் போட்டார். ஊரெல்லாம் சின்னசேலம் தண்டவாளத்தில் இருக்கும். ரயிலைத்தானே நிறுத்துகிறார்கள், ரோட்டுக்கு என்ன? கள்ளக்குறிச்சி மச்சினன் வீட்டில் போய்ச் சூடாக ஒண்டிக்கொள்ளலாம். "கெளம்பு, குருவிக்குக் குளிருது" என்றார். கீழே போனால் குருவி பிழைக்கும் என்று அவளும் கிளம்பினாள். கூண்டைப் பழம்புடவையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறியலுக்குப் போக எல்லா ஊருக்கும் பஸ் கிடைக்குமா என்று அவர் யோசிக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு ஊர்க்காரர்களுக்குச் சின்னசேலம் போக வண்டி கிடைக்கவில்லை. ரயில் இல்லாவிட்டால் என்ன, நம் ரோடு இருக்கிறதே என்று புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பனிக்குள் பெரியவர் சிறியவர் எல்லோரும் நெருப்பு மூட்டிக் குந்தியிருந்தார்கள். ஜீப் போய் மரத்தின் முன்னால் நின்றது.

சடையன் என்ற ஆள் எட்டிப் பார்த்தான். டீக்கடையில் கைதட்டியவர்களில் ஒருவன்.

"இன்னாண்ணே, நீங்க சின்னசேலத்துல இருப்பீங்கன்னு பாத்தா, மலையிலேர்ந்து எறங்கிக்கினு வர்றீங்க?"

வேடியப்பன் குல்லாவைக் கழற்றினார். கண் மனைவியின் மடிக்குப் போனது.

"மச்சினன் கொழந்தப்பா. மார்ல சளி கட்டிக்கிச்சு. டாக்டராண்ட போவணும்."

பூமாலை வாயைத் திறந்தாள். அவர் முழங்கையால் இடித்தார். நோயாளியையும் கைக்குழந்தையையும் மறிக்கக்கூடாது என்று அந்த ஊரில் முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். பேச்சு மாறாத ஜனங்கள். உடனே பத்துப் பேர் எழுந்து கிளையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். அரையடி நகரவே நேரம் பிடித்தது.

அதற்குள் இருசம்மாள் வந்துவிட்டாள். ஏழு பிள்ளை பெற்றவள். குழந்தைக்குச் சளி என்று காதில் விழுந்ததுமே ஓட்டுச் சில்லில் தணல் அள்ளி, சாம்பிராணி தூவி எடுத்துவந்திருந்தாள். புகை குபுகுபுவென்று எழுந்தது.

"ஐயோ, பச்சமண்ண இந்தப் பனியில தூக்கிக்கினு வந்தீங்களா? காட்டுமா. துணிக்கு அடியில ஒரு வாட்டி புகை புடிச்சா சளி எளகிடும்."

"வேணாம்மா, வேணாம்மா" என்றாள் பூமாலை.

"இன்னா வேணாம்? நான் புடிச்ச புகையில இந்த ஊரே வளந்துது."

"புடிக்கட்டும் வுடு," என்றார் வேடியப்பன் பல்லைக் கடித்து. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "குருவி போனா வேற வாங்கிக்கலாம். என் மானம் போச்சுன்னா வருமா?" என்றார்.

இருசம்மாள் புடவை ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தணலைக் கிட்டே கொண்டுவந்தாள். உள்ளே சிறகு படபடத்தது. பூமாலை புடவையைத் தானே உருவி எறிந்தாள்.

"கொழந்த இல்லக்கா. குருவி. புகை பட்டா செத்துப் போயிடும்."

மரம் இழுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். இருசம்மாள் தணலைப் பின்னால் வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் பார்த்தாள். பிறகு வேடியப்பனைப் பார்த்தாள்.

"உங்க மச்சினனுக்கு மூக்கு செவப்பா?"

அப்படி ஒரு சிரிப்பு அந்த ரோட்டில் அதற்குமுன் கேட்டதில்லை. கிளையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, மொதோ குண்டுக்கு நெஞ்சு குடுத்தவரு நீங்க. வாங்க, இப்டி மரத்து மேல குந்துங்க. மலேர்ந்து வர்ற வண்டிக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லுங்க" என்றான். ஜீப்பிலிருந்து கையைப் பிடித்து இறக்கி, மரியாதையாக, நடுமரத்தில் உட்காரவைத்தார்கள். காற்று நன்றாக அடிக்கிற இடம்.

"ஏய், நீ எங்க போற?" என்றார் மனைவியைப் பார்த்து.

அவள் இருசம்மாள் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

இருசம்மாள் வீட்டில் அடுப்புக்கு அந்தப்புறத்து அறையில் தவிட்டு மூட்டைகள் இருந்தன. புகை வராது, சுவர் மட்டும் சுடும். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் கூண்டை வைத்தார்கள். உச்சிப் பொழுதுக்குள் மூன்று குருவிகள் இறகைத் தாழ்த்தி நீவிக்கொண்டன. தரையில் கிடந்தது மட்டும் அசையவில்லை. பூமாலை உள்ளங்கையில் தினை வைத்து, கையைக் கூண்டுக்குள் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.

வெயில் தாழ மரத்தை ஒதுக்கினார்கள். வேடியப்பன் வாசலில் நின்று குரல் கொடுத்தார். மூக்கில் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டே.

"வா, போலாம். குருவிக்குக் குளிரும்."

"இங்க குளிரலீங்க. நீங்க போங்க. மார்கழி போவட்டும், என் தம்பி வந்து இட்டுக்கினு போவான்."

"நான் மட்டும் ஊருக்குப் போயி இன்னான்னு சொல்றது?"

"கொழந்த தேறிடுச்சின்னு சொல்லுங்க" என்றாள் இருசம்மாள் உள்ளேயிருந்து.

இந்நேரம் சங்கராபுரம்வரை கதை போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஜீப் கிளம்பி, கொஞ்ச தூரம் கீழே போய், நின்று, வந்த வழியே மலைப் பக்கம் திரும்பிற்று.

பூமாலை எழுந்து பார்க்கவில்லை. தரையில் கிடந்த குருவி அவள் விரல்மேல் ஏறி நின்று, ஒரு தினையை எடுத்து, தோலை உரித்துத் துப்பிக்கொண்டிருந்தது.