பணம் பீரோவில், வறுமை மனுவில்

தையல்காரர் பதினோரு வருடம் வழக்காடி, தான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை ஜெயித்தார். விற்பதாக ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கிய வீட்டுக்காரர், விலை ஏறியதும் கையை விரித்ததால் வந்த வழக்கு. மீதித் தொகையை அறுபது நாளுக்குள் நீதிமன்றத்தில் கட்டினால் வீடு அவருக்கு. தவறினால் ஒப்பந்தம் ரத்து என்றது தீர்ப்பு.

மனைவியின் நகைகளை விற்று, ஐம்பத்தெட்டாம் நாள் டி.டி. எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். வக்கீலின் பட்டப்பெயர் வாய்தா. சொந்தக் கல்யாணத்தையே இரண்டு முறை தள்ளிவைத்த மனிதர்.

"நாளன்னிக்குக் கடைசி நாள் சார்!"

"என்னய்யா அவசரம்? கோர்ட்டு ரெண்டு மாசம்னா நாலு மாசம்னு அர்த்தம். டைம் கேட்டு இன்னிக்கே மனு போட்டுடறேன். டி.டி. கேஸ் கட்டோட என் பீரோவில இருக்கட்டும்."

'மனுதாரர் பரம ஏழை. பணம் இன்னும் புரளவில்லை' என்றது மனு. கடைக்குத் திரும்பிக் காஜா எடுக்கிற அவசரத்தில் தையல்காரர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மனு விசாரணைக்கு வந்தபோது கெடு முடிந்து பத்தொன்பது நாள்.

"இன்னுமா பணம் கிடைக்கலை?" என்றார் நீதிபதி.

வாய்தா தொண்டையைச் செருமுவதற்குள் தையல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கேஸ் கட்டிலிருந்து டி.டி.யை உருவி நீட்டினார்.

"நான் ஒண்ணும் இல்லாதவன் இல்லீங்கய்யா! கெடுவுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். தேதியைப் பாருங்க!"

நீதிபதி தேதியைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். வாய்தாவைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாய் திறக்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

"பணத்தைக் கையில வெச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. மனு தள்ளுபடி."

அலுவலகம் திரும்பிய வாய்தா அசரவில்லை. "ஒண்ணும் குடி முழுகலை. அப்பீல் போடலாம். முப்பது நாள் இருக்கே, மெதுவா..."

கோர்ட்டிலிருந்து கூடவே வந்த தையல்காரரின் மனைவி கதவைச் சாத்தி, அதன் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் காஜா எடுக்கவேண்டிய சட்டை.

"இப்பவே எழுதுங்கண்ணே. நடந்ததை அப்படியே எழுதுங்க. முடிச்சாத்தான் கதவு திறக்கும்."

"என்னம்மா இது! ஒரு அரை மணி நேரம் டைம் குடும்மா."

"காரணம்?"

"பசிக்குது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துடறேன்."

அவள் எழுந்துவந்து, பாதி திறந்திருந்த மேஜை டிராயரை இழுத்தாள். வாய்தாவின் டிபன் டப்பா, மூடி திறக்காமல் கனமாக இருந்தது. அதை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்ப நாற்காலிக்குப் போனாள்.

"கையிலேயே வெச்சிருக்கீங்களேண்ணே. மனு தள்ளுபடி."