ஐந்து ஹாரன்

சிக்னல் விழுவதற்குள் என் கை மூன்று முறை ஹாரன்மேல் போய்த் திரும்பிவிட்டது. எதிரே நபோரின் மினிபஸ் நின்றுகொண்டிருந்தது.

பதினெட்டு வருடமாக இஸ்தாபலாபா சந்தை முனையில் நாங்கள் எதிரும் புதிருமாகக் கடக்கிறோம். கடக்கும்போது அவன் ஹாரனில் ஐந்து தட்டு தட்டுவான். மெக்சிகோவில் பால்குடிப் பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். என் அம்மாவைப் பற்றிய வசவு, அச்சில் ஏறாது. வேறு எவனாவது அப்படி அடித்திருந்தால் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். நபோர் அடித்தால், அவன் அம்மாவுக்கு நானும் ஐந்து அனுப்புவேன்.

சந்தைக்கு வரும் நாட்களில் என் அம்மா என் வண்டியின் முன்சீட்டில் இருப்பாள். ஹாரன் கேட்டதும் தோளை இடிப்பாள்.

"நபோர் என்னை விசாரிக்கிறான் பாரு. பதில் சொல்லுடா, கழுதை."

அவள் போய்ப் பதினோரு நாள். ஒன்பது நாள் ஜெபமாலைக்கும் நபோர் வந்து, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றினான். நேற்றுதான் மறுபடி வண்டி எடுத்தேன். அவனோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டான். மரியாதையாம். அதன்பிறகு எனக்கு ஒரு தொர்த்தியா ரொட்டிகூட இறங்கவில்லை. பேசியவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

பச்சை விழுந்தது. இன்றும் அவன் கை தொப்பிக்குப் போனது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்தையும் நானே அடித்தேன்.

நபோர் என் ஜன்னலை ஒட்டி பிரேக் போட்டான்.

"என்னடா இலாரியோ, நான் என்ன பண்ணேன்?"

"எங்கம்மாவ ஏன்டா விசாரிக்க மாட்டேங்கற?"

"அவங்கதான் இல்லையேடா. செத்தவங்களப் போய் எப்படிடா திட்டறது? கை வரமாட்டேங்குது."

"நேத்து நீ சும்மா போனியே, அப்பதான்டா அவ செத்தா. அடிடா, நாயே."

அவன் கொஞ்ச நேரம் என் முன்சீட்டையே பார்த்தான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு அடித்தான். ஐந்தாவதில் அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

அவனுக்குப் பின்னால் நின்ற லாரிக்காரன், தன்னைத்தான் திட்டுகிறான் என்று ஐந்து திருப்பி அடித்தான். அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான் ஒரு டாக்சிக்காரன். அப்புறம் தண்ணீர் வண்டி, இரண்டு பஸ், ஒரு மோட்டார் சைக்கிள். தெரு முழுக்க என் அம்மாவை விசாரித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கழுதையும் ஹாரனில் பதில் சொன்னது.