மூன்றெழுத்துப் பச்சை

சேலம் பெரியாஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்ற நரம்பு தேடிய நர்ஸம்மா, வீரபாகுவின் வலது கையைத் தட்டித் தட்டிப் பார்த்து அலுத்துப்போய், இடது கையைப் பிடித்துச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அங்கே பச்சை குத்திய அந்த மூன்று எழுத்தும் இருந்தன. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத மனுசன், அன்றைக்குத் தடுக்கத் தெம்பில்லாமல் கிடந்தார். ஈரல் கெட்டு வயிறு பானையாட்டம் ஊதியிருந்தது, கண்ணெல்லாம் மஞ்சள். இனிமேல் இங்கே வைத்திருந்து பிரயோசனமில்லை, சாயங்காலம் ராசிபுரத்துக்கே கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார்.

“இதென்ன பாஷைங்க?” என்று நர்ஸம்மா கேட்டாள்.

பதில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் குழந்தைவேல், வீரபாகுவின் சித்தப்பா மகன். இரண்டு பேரும் வாலிபத்தில் ஒன்றாகத்தான் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். சண்டைக் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, குழந்தைவேல் ரப்பர் காட்டுக்குள் ஒளிந்து தப்பித்துக்கொண்டார், வீரபாகு மாட்டிக்கொண்டார். ஆனால் ஊரில் சயாம் கதை சொல்வதெல்லாம் குழந்தைவேல்தான். போனவர் வாயைத் திறந்ததே இல்லை.

“ஜப்பான் எழுத்துங்க. சயாமுல ஒருத்தியோட இருந்தானாமா. அவ பேராத்தான் இருக்கும்,” என்று சொல்லிச் சிரித்தார். தலைமாட்டில் பெண்டாட்டி நிற்கிறாளே என்ற விவஸ்தை கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

மகள் வசந்தாமணி அம்மாவைப் பார்த்தாள். மாரக்காள் முந்தானையை இழுத்துத் தன் இடது கையை மூடிக்கொண்டாள். அந்தக் கையிலும் அதே மூன்று எழுத்து இருந்தது.

அது வசந்தாமணி பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவருக்கு மாரக்காளைக் கட்டி வைத்தார்கள். கையில் என்ன என்று புதுப்பெண் கேட்டாள். “என்ற பேரு” என்றார். ராசிபுரம் சந்தையில் பொம்பளைகளெல்லாம் குறத்தியிடம் புருசன் பேரைப் பச்சை குத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், இவளுக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் தூங்கும்போது கோலத்தைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு கோடாகப் பார்த்து மனசில் ஏற்றி வைத்திருந்தாள். குத்திக்கொண்டு வந்து சந்தோசமாகக் கையை நீட்டினாள். அன்றைக்கு ஒரு அறை விழுந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. அறைந்ததோடு விடவில்லை, சுண்ணாம்பை எடுத்து அந்தப் பச்சையின் மேலே அப்பித் தேய்த்தார். தோல் வெந்து உரிந்ததே தவிர எழுத்து போகவில்லை. பிறகு துணி நெய்கிற தறிக்குழியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தன் பேர் பொம்பளை உடம்பில் ஏறினால் ஆயுசு குறைந்துவிடும் என்று பயந்துவிட்டார் போல என்று மாரக்காள் தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, இத்தனை வருசம் குடும்பம் நடத்திவிட்டாள்.

நர்ஸம்மா போனதும் அவர் காதில் என்னவோ கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அவ பேரைத்தான் குத்தீட்டு வந்து நின்னிருக்கறன் பாரு. அதுக்குத்தான் அந்த அடி அடிச்சிருக்கறாரு.”

“சித்தப்பன் பேச்சையெல்லாம் நம்பறயாம்மா? அவரு வாயில என்னைக்கு நெசம் வந்துது?”

“செத்தா நகைநட்டு, துணிமணி ஒண்ணுங் கூட வராது. பச்சை ஒண்ணுதான் கூட வரும். நான் எவளைச் சொமந்துட்டுப் போகப் போறேன்னு எனக்குத் தெரியோணும் சாமி. அவரு இருக்கறப்பவே தெரியோணும்.”

“அப்பாகிட்டயே கேக்கலாமில்ல?”

“கேட்டேன். என்ற பேருதான்னு சொல்றாரு. செவுத்தைப் பாத்துட்டுச் சொல்றாரு.”

வசந்தாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனுசன் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் இது ஒரு கவலையா? ஆனால் அம்மா அந்தக் கையை முந்தானையால் தேய்த்துக்கொண்டே நிற்பதைப் பார்த்ததும் வந்த கோபம் இறங்கிவிட்டது.

சேலத்தில் ஜப்பான் எழுத்து யாருக்குத் தெரியும்? முன்னொரு தடவை அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, பர்மாவிலிருந்து வந்த கடைக்காரர் ஒருவர் அது கம்பெனி மார்க்கு என்றார். சூரமங்கலத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்த ரயில்வேக்காரர் கைதி நம்பர் என்று அடித்துச் சொன்னார். ஆளுக்கொரு கதை. வராந்தா கூட்டிக்கொண்டிருந்த ஆயாதான், “கடைவீதில சைனாக்காரரு ஒருத்தரு பல் கட்டறாரு பாரு, அவரைக் கேளு. அவுங்க எழுத்தும் ஜப்பான் எழுத்தும் ஒண்ணாமா,” என்றாள். வசந்தாமணி பன் சுற்றி வந்த காகிதத்தில் அப்பாவின் கையைப் பார்த்து எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

பல் டாக்டருக்கு வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி அலமாரியில் பல்செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. அவர் பேசியது அசல் சேலத்துத் தமிழ். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாத்து எழுதினது நீயாம்மா? கோடு கோணையாயிருக்குது. எங்க எழுத்துல ஒரு கோடு விட்டுப்போனா வேற அர்த்தமாயிரும். ஜப்பான்காரன் எங்க எழுத்தைத்தான் எடுத்துக்கிட்டான், ஆனா சிலதை அவன் இஷ்டத்துக்கு வெச்சுக்கிட்டான். உத்தேசமா ஒண்ணைச் சொல்லக் கூடாது.”

“ஒரு பொம்பளை பேரா, இல்லையா? அது தெரிஞ்சாப் போதுங்க. எங்கப்பா சாகப் பொழைக்கக் கெடக்கறாரு.”

“எங்க குத்தினது?”

“சயாமுலங்க. ரயில் ரோட்டுக்குப் புடிச்சுட்டுப் போனாங்களே, அங்க.”

அவர் மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கன்னம் வீங்கிக் காத்திருந்த ஆளிடம் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, “உங்கப்பா கையைக் காட்டு, வா,” என்று அவளுடனே கிளம்பிவிட்டார்.

கட்டிலருகே குனிந்து, “ஐயா, கையைக் கொஞ்சம் பாக்கலாங்களா?” என்று கேட்டார். வீரபாகு கண்ணைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, குளுகோஸ் குழாய் ஆட, எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்திக் குனிந்தார். நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். வேட்டி நனைந்துவிட்டது. ஊரில் யாருக்கும் தலை வணங்காத தன் அப்பனா இது என்று நினைத்தபடி வசந்தாமணி ஆடிய குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

பல் டாக்டர் அவர் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தார். “நான் அவன் இல்லீங்க. நான் சைனாக்காரன். எங்க ஊருக்கும் அவனுங்க வந்தானுங்க,” என்றார். வீரபாகு கையை இழுத்துக்கொள்ளவில்லை. பல் டாக்டரின் விரல் ஒவ்வொரு கோட்டின் மேலும் போய் வந்தது. அப்போது மாரக்காள் முந்தானையை விலக்கித் தன் கையையும் நீட்டினாள்.

“இதையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?”

அவர் அதைப் பார்த்தார். மாரக்காளின் முகத்தைப் பார்த்தார். பிறகு வசந்தாமணியிடம், “கொஞ்சம் வெளியில வாம்மா,” என்றார்.

வராந்தாக் கோடியில் நின்று சன்னமான குரலில் சொன்னார்: “பேரே இல்லம்மா அது. முதல் எழுத்து சாவு. அடுத்தது உடம்பு. மூணாவது எரிக்கிறது. பொணம் எரிக்கிற ஆளுன்னு அடையாளம் போட்டிருக்கானுங்க. அங்க காலராவுல கொத்துக் கொத்தாச் செத்தாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எரிக்கிறவன் மத்தவங்க கொட்டாய்க்குள்ள வந்திரக் கூடாதுன்னு குத்தியிருப்பான்.”

“நிச்சயமாங்களா?”

“கையில தெளிவா இருக்குது. உங்கம்மா கையிலயும் ஒரு கோடு தப்பில்ல.” அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

வசந்தாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெத்த தாயின் பாடைக்குப் பின்னால்கூட அப்பா தெருமுனை தாண்டி வந்ததில்லை. சுடுகாட்டுக்கு வராதவனெல்லாம் ஒரு மகனா என்று பங்காளிகள் காறித் துப்பினார்கள். அவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இது வெளியே தெரிந்தால், பொணம் எரித்த கை என்று ஊரில் அவர் வீட்டுத் தண்ணீரை எவன் தொட்டிருப்பான்? அவர் சும்மா இருந்தது அதற்குத்தான் என்று நினைத்தாள்.

உள்ளே வந்தாள். மாரக்காள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலும் கழுத்தை நீட்டினார்.

“அப்பா பேருதாம்மா,” என்றாள் வசந்தாமணி.

“பேருக்கு நாலெழுத்தாச்சே, இங்க மூணுதான இருக்குது?” என்றார் குழந்தைவேல்.

“அவுங்க பாஷையில அவ்வளவுதான் வருமாமா சித்தப்பா. வேணும்னா நீங்க போயி அவருகிட்டக் கேட்டுட்டு வாங்க.”

மாரக்காள் மூச்சை விட்டாள். நனைந்த வேட்டியை அலசிக்கொண்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனாள். குழந்தைவேலும் டாக்சி பேச எழுந்து போனார். வீரபாகு மகளைப் பார்த்தார். அவள் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது.

“படிச்சுட்டாரா?”

“ம்.”

அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

“எல்லாரும் செத்திருக்கல சாமி.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“தூக்கறப்ப முனகுனாங்க. தமிழ்லதான் முனகுனாங்க. போடுடான்னு துப்பாக்கிய வெச்சுட்டு நின்னான்.” மூச்சு வாங்கினார். “என்னைய எரிச்சிராதீங்க. மண்ணுல போடுங்க.”

விளங்கியபோது அவள் அந்தக் கையைப் பிடித்திருந்தாள். ஒரு நிமிசம் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கப்பட்டு, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ராசிபுரம் போகிற வழியில் டாக்சி மல்லூர் தாண்டும்போது, மாரக்காளின் மடியிலேயே வீரபாகுவின் உயிர் போய்விட்டது.

மறுநாள் பாடை கட்டும்போது குழந்தைவேல் குதித்தார். “நம்ம வகையறாவுல எரிக்கறதுதான் வழக்கம். புதுசா எதுக்குக் குழி?” வசந்தாமணி தலைவிரி கோலமாகக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். “எங்கப்பன் மேல ஒரு கொள்ளி வெச்சீங்கன்னா நானும் அதுலயே உழுந்துருவேன்,” என்றாள். சொன்னால் செய்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். குழிதான் வெட்டினார்கள்.

கருமாதிப் பந்தியில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குழந்தைவேல் வெற்றிலை போட்டுக்கொண்டே யாரிடமோ சொன்னார்: “சைனாக்காரன் அந்தப் புள்ளைய எதுக்குத் தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொல்லோணும்? பேருன்னா அங்கயே சொல்லியிருக்க மாட்டானா? ஆத்தா மனசு நோகுமேன்னு இவ மறைக்கறா.” அவர் ஆயுசில் சரியாக யோசித்தது அந்த ஒரு தடவைதான் இருக்கும். வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாரக்காளின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிரவு அவள் படுக்கவே இல்லை.

விடிந்ததும், தெருவில் போன குறத்தியைக் கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்தாள்.

“வசந்தா, இங்க வா. இது உன்ற அப்பன் பேருதான?”

“ஆமாம்மா. எத்தனை தடவை சொல்றது?”

“அப்படின்னா நீயும் குத்திக்கோ. ஒத்தப் புள்ள. அப்பன் பேரு கையில இருந்தா என்ன கொறைஞ்சு போச்சு?”

வசந்தாமணி குறத்தியின் ஊசிகளைப் பார்த்தாள். மாட்டேன் என்றால் அந்த நிமிசமே இல்லாத ஒரு சயாம்காரி இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வாள். அம்மா சாகிற வரைக்கும் போக மாட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், சுண்ணாம்பில் வெந்த அந்தத் தோலை அம்மா என்ன செய்வாள்? உரித்தா எறிய முடியும்? அப்பா கையால் வாங்கிச் சாப்பிட்ட சோற்றையெல்லாம் நினைத்து நினைத்துச் சாவாள். அம்மா கேட்டுக்கொண்டே போனால், முனகியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும்.

மாரக்காள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்று சொல்லிவிட்டு வசந்தாமணி பாயில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள்.

குறத்தி மாரக்காளின் கையைப் பார்த்துக் கரி மையால் மூன்று எழுத்தையும் வரைந்துகொண்டாள். ஊசிகளைச் சேர்த்துக் கட்டினாள். “இதென்ன எழுத்து தாயி? நான் கண்டதேயில்லையே. குத்தறப்ப பேரு சொல்லோணும். என்ன பேரு?”

மாரக்காள் வாயெடுத்தாள். செத்தவர் பேரானாலும் புருசன் பேர் அவள் நாக்கில் வரவில்லை. மகளைப் பார்த்தாள்.

“நீ சொல்லு சாமி.”

“வீரபாகு,” என்றாள் வசந்தாமணி.

ஊசி இறங்கியது. முதல் எழுத்து முடிகிற வரைக்கும் மாரக்காள் மகளின் முகத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பொடித்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

“நல்லா ஆழமாக் குத்து தாயி,” என்றாள் குறத்தியிடம். “அழிஞ்சிரக் கூடாது.”

குறத்தி ஊசியை மையில் தோய்த்து அடுத்த எழுத்துக்குப் போனாள்.